கால் பங்கில் மூன்றிலொன்று

புத்தூரில் என் ரியூசன் கொட்டிலுக்கு வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அருட்பிரகாசம் சேர் பொல்லாத மனுசன், கேள்வியைக் கடைசி வரை வாசி என்று தலையில் குட்டுவார் என்பார்கள். உண்மைதான். விற்றது எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று கேட்டதை மறந்து பேனையை மூடுகிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பிழையை நானே விட்டேன். அதுவும் நாலு பேர் முன்னால்.

உதயகலாவின் புருஷன் செத்தபிறகு பங்குக் கிணற்றில் இழுபறி வந்தது. அவருக்கு அதில் கால் பங்கு. அந்தக் காலில் மூன்றிலொன்றை முன்னமே பக்கத்துத் தோட்டக்காரர் தியாகராசாவுக்கு விற்றிருந்தார். மிச்சம் வெங்காயத் தோட்டம் செய்கிற உதயகலாவுக்கு. கிணற்றுப் பங்கின் உறுதிப் பத்திரத்தை என் கையில் தந்து, கணக்கு வாத்தியார் சொன்னால் சரி என்றார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. யாரோ நீட்டிய தாளையும் வேண்டாமென்றுவிட்டு வாயாலேயே பெருக்கினேன். காலில் மூன்றிலொன்று என்றால் பன்னிரண்டில் ஒன்று. இறைப்பு பகலில் பன்னிரண்டு மணித்தியாலம். ஆகவே உதயகலாவுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம், தியாகராசாவுக்கு இரண்டு என்று தீர்த்துவிட்டு எழும்பினேன். விற்றதை அவளுக்கும் மிச்சத்தை வாங்கினவருக்கும் கொடுத்திருக்கிறேன். தியாகராசா வாயைத் திறப்பாரா என்ன?

உதயகலாவின் மகள் வினோஜா பத்தாம் வகுப்பு; என்னிடம்தான் படிக்கிறாள். இரண்டு மாதம் கழித்து அதே மாதிரிக் கணக்கொன்றை, யோசிக்காமல், பலகையில் எழுதினேன். அவள் வந்து ஆறில் ஒன்று என்று அழகாகச் செய்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கடை கிணறும் இதே கணக்குத்தானே சேர்? ரெண்டு மணித்தியாலமெல்லோ வரும்?"

அப்போதுதான் என் பிழை எனக்கே தெரிந்தது. முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறுதிக் கணக்கு வேறு, புத்தகக் கணக்கு வேறு, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாமல் போய் இரு என்று அதட்டினேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய் இருந்தாள். அன்றைக்கே தாயிடம் போயிருக்க வேண்டும். மானம் விடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வெங்காயம் கிண்டி எடுக்கிற அறுவடைக் காலமும் வந்துவிட்டது.

தவணைச் சோதனை முடிந்ததும் உதயகலா மகளையும் விடைத்தாளையும் கொண்டு வந்தாள். பிள்ளை மக்கு, உங்களுக்கும் கரைச்சல் தந்துவிட்டோம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். தாளை வாங்கிப் பார்த்தேன். காணியில் ஒரு பங்கை விற்றால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டிருந்தது. வினோஜா விற்ற பங்கைக் கண்டுபிடித்து, அதையே விடையாக எழுதியிருந்தாள். ஏன் பிள்ளை என்றேன்.

"உது உறுதிக் கணக்கெல்லோ, சேர். நீங்கள் எங்கடை கிணத்துக்குச் செய்த மாதிரித்தான் செய்தனான்."

வெட்கத்தில் என் காது சுட்டது. இனியும் மறைத்தால் நான் மனுசனே இல்லை.

"பிழை அவளின்ரை இல்லை, உதயகலா. என்ரை. கிணத்திலை உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்."

எப்படியென்று எழுதிக் காட்டினேன். இன்றைக்கே தியாகராசாவையும் மற்றப் பங்காளிகளையும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை மடித்துக்கொண்டே, நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப என்ரை வெங்காயம் கருகினது சும்மாவோ, சேர்?"

"ஓம்" என்றேன்.