நூற்றுப் பத்தொன்பதாவது கட்டம்

கயல் கணினித் திரையில் விரலை வைத்துத் தலைகளை எண்ணுகிறாள். "தாத்தா ரெண்டு, அப்பத்தா ஒண்ணு, சித்தப்பமாரு நாலு..." வலமிருந்து இன்னொரு முறை எண்ணிய பிறகுதான் பிரிண்ட் கொடுப்பாள். சின்னமனூர்ப் பக்கம் காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு எதுவானாலும் பிளக்ஸ் பெரும்பாலும் இவள் கடையில்தான். "எல்லாரையும் ரெண்டு சுத்து வெளுப்பாக்கிருவேன் சார், ஆளு மட்டும் விட்டுப்போகக் கூடாது" என்று சிரிப்பாள்.

பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று வருடம் முன்பு சொந்த மகனின் காதுகுத்துக்கு அவளே செய்த பிளக்ஸில் தாய்மாமன் படம் விட்டுப்போயிற்று. அண்ணன் ஒச்சாண்டி மண்டப வாசலில் அண்ணாந்து பார்த்தார். சீர்த்தட்டுகளோடு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேறு மடியில் பிள்ளையை உட்காரவைக்க கயல் சம்மதிக்கவில்லை. பையனுக்கு இன்னும் காது குத்தவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் இறங்கிவரவில்லை.

அந்த ஜீப்பில்தான் நான் மேகமலைப் பள்ளிக்கு வேதியியல் நடத்தப் போய்வருகிறேன். கடைக்கு எதிர்ச்சாரியில் நிறுத்தி ஹாரன் அடிப்பாரே தவிர, இந்தப் பக்கம் திரும்பமாட்டார், வீம்புக்காரர். ஹாரன் கேட்டதும் கயல் மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள்.

போன வாரம் ஆய்வகத்துக்குத் தனிம அட்டவணை அடிக்கக் கொடுத்தேன். மாதிரிக்குக் கொடுத்தது பழைய தாள். எண்ணியவள் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில ஆறு கட்டம் காலியா கெடக்கே. யாரு விட்டுப்போனாக?"

வாத்தியாரான எனக்கு வெட்கமாகிவிட்டது. இவை மண்ணில் கிடைப்பவையல்ல, மனிதர் உண்டாக்கியவை என்று விளக்கினேன். நூற்றுப் பதின்மூன்றாவதற்காக ஜப்பானில் துத்தநாகத்தை பிஸ்மத் மீது மோதவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது வருடத்தில் அகப்பட்டவை மூன்றே அணுக்கள். ஒவ்வொன்றும் கண் சிமிட்டுவதற்குள் சிதைந்துபோயிற்று. நிஹோனியம் என்று, தங்கள் மொழியில் நாட்டுக்குள்ள பெயரையே வைத்தார்கள்.

"ஒம்பது வருசமா! நமக்கு மூணுதானே ஆகுது" என்றாள் எதிர்ச்சாரியைப் பார்த்தபடி.

ஆறையும் சேர்த்தாள், நூற்றுப் பதினெட்டு ஆயிற்று. பிறகு கேட்காமலே கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டாள்.

"அதை இன்னும் கண்டுபிடிக்கலம்மா."

"தேடுறாகள்ல? எடம் போட்டு வப்போம். நம்ம பிளக்ஸ்லயும் ஒரு கட்டத்துல பூப்படம் வச்சிருப்பேன். கடைசி நேரத்துல யாராச்சும் வருவாக."

நேற்று அட்டவணை தயாராகிவிட்டது. ஒருவர் தூக்க முடியாத கனமில்லை. முடியாததுபோல் நின்று ஜீப்பைப் பார்த்துக் கையசைத்தேன். ஒச்சாண்டி முனகிக்கொண்டே சாலையைக் கடந்து, படிக்கு வெளியே நின்றார். உள்ளே விரித்துக் கிடந்ததை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அங்கன கடைசியில என்ன காலியா கெடக்கு?" யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"இனிமே வர்றவுகளுக்குண்ணே" என்றாள் கயல். "விட்டுப்போயிறக் கூடாதுல்ல."

ஒச்சாண்டி அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.