ஃபஸீஹாவும் போணி நம்பரும்

ஃபஸீஹாவின் கோபம் கோட்டக்குப்பத்தில் பேர்போனது. அவள் பிறந்தவுடன் போட்ட கூச்சலில், கடலுக்குப் போன கட்டுமரமெல்லாம் புயல் வந்துவிட்டதென்று கரை திரும்பியதாம். நம்பாதவர்கள் அவளிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம். இதுவரை யாரும் போனதில்லை. அபுதாபியில் இருக்கும் அவளுடைய அத்தாவே, மகளிடமிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார்.

இப்படிப்பட்டவளுக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை கிடைத்தது கடவுள் செயல். திண்டிவனத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் வல்லரசு என்பவர் கம்பெனி நடத்துகிறார். கொல்லையில், அதாவது விளைநிலத்தில், இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் அமுக்கி ஓட்டவைக்கும் பெட்டிதான் அவர் சரக்கு. அந்தப் பெட்டிக்கான புரோகிராம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்து, செய்யாவிட்டால் எல்லோரையும் திட்டுவது ஃபஸீஹாவின் உத்தியோகம்.

சோதனைக்கென்று ஆபீஸ் மூலையில் ஒரு நீல டிரம், அதற்குள் தண்ணீர், தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன மோட்டார். போனில் அமுக்கியதும் கட்டளை கிளம்பி, சர்வரைத் தொட்டு, பெட்டிக்கு வந்து, மோட்டார் சுழல்கிறதா என்று முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார்கள். கட்டளை எந்த மோட்டாருக்குப் போகவேண்டும் என்பது செட்டிங் ஃபைலில் இருக்கும். சோதனைக்கான ஃபைலில் டிரம்மின் நம்பர். விவசாயிகளுக்கான ஃபைலில் அவரவர் மோட்டாரின் நம்பர். மாமியார் வீட்டுச் சாவியையும் அம்மா வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோக்காத புத்தி, அவ்வளவுதான்.

வல்லரசு கோத்துவிட்டார். அவருடைய முதல் வாடிக்கையாளர் மண்டகப்பட்டு கிருஷ்ணவேணி. போணி கை ராசியான கை என்று, அந்த அம்மாளின் மோட்டார் நம்பரைப் புரோகிராமின் அடியிலேயே பதித்துவைத்தார். ஃபைலில் நம்பர் எதுவும் இல்லாவிட்டால் கட்டளை தானாகப் போணி நம்பருக்குப் போய்விடும்.

"சார், அது நெசமான கொல்லை. நெசமான மோட்டாரு. அதை எடுங்க" என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே ஃபஸீஹா சண்டை பிடித்தாள்.

"போணியக் கலைச்சா யாவாரம் படுத்துக்கும் மேடம். ஃபைல்ல நம்பர் இருக்கறவரைக்கும் அது சும்மாதான தூங்கிக்கினு இருக்குது?"

"தூங்கற பாம்புன்னு மடியில வெச்சுக்குவீங்களா?"

வல்லரசு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே கை பரபரக்கிறது.

தங்கை ஷமீமின் நிக்காஹுக்கு ஃபஸீஹா விடுப்பில் போன சமயம், வல்லரசு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினார், சோதனைக்கான செட்டிங் ஃபைலைத் தவிர. அன்றுமுதல் ஆபீஸில் யார் சோதனையை ஓட்டினாலும் மண்டகப்பட்டில் மோட்டார் ஓடியது. திரையிலோ எல்லாம் பச்சை. எங்கோ ஒரு மோட்டார் 'ஓடிவிட்டேன்' என்று பதில் சொன்னால் திரைக்குப் போதும். எந்த மோட்டார் என்று கேட்க அதற்கு வாய் ஏது?

அங்கே கிருஷ்ணவேணி பாதிக் கொல்லை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கி அங்கேயே காயப் போட்டிருந்தாள். மோட்டார் தானாக ஓடியது. காய்ந்த காயெல்லாம் நனைந்தது. அள்ளி உலர்த்தினாள். மறுபடி ஓடியது. புருஷன் சுப்பராயலு இது முனியின் வேலை என்று மோட்டார் கொட்டாயில் எலுமிச்சம்பழம் கட்டினார். முனிக்கு எலுமிச்சை பிடிக்கவில்லை போலும், முன்னைவிட அதிக நேரம் ஓட்டியது. போன் பிடிக்கத் தெரியாத பொம்பளை விளைச்சலை முழுக்காட்டிவிட்டாள் என்று ஊர் பேசியது.

கடைசியில் மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கிவைத்தார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு? மீதிப் பாதி இன்னும் மண்ணுக்குள் இருந்தது. மண் இறுகிக் கிடக்க, தண்ணீர் பாய்ச்சாமல் இழுத்தால் கொடிதான் கையோடு வரும், காய் வராது. விட்டுவைத்தால் உள்ளேயே முளைத்துவிடும். மோட்டாரை நம்பவும் முடியாது, நம்பாமலும் முடியாது.

ஃபஸீஹா வேலைக்குத் திரும்பிய அன்று, விழுப்புரத்தில் பஸ் மாறி கிருஷ்ணவேணி திண்டிவனம் வந்து சேர்ந்தாள். மாடியேறியவள் பையைக் கவிழ்த்து வல்லரசுவின் மேசையில் மல்லாட்டையைக் கொட்டினாள். ஒவ்வொன்றும் மூக்கு நீட்டியிருந்தது.

"பாருய்யா. காயப் போட்டது மொளச்சுக்கினு நிக்குது. யாரு தண்ணி வுட்டது, நானா? ஊரு என்னத்தான் ஏசுது, பீஸ் கட்டையப் பிடுங்கி வெச்சுட்டேன், மீதிப் பாதி மண்ணுக்குள்ளயே கெடக்குது!"

"யம்மா, உங்க கை தெரியாம பட்டிருக்கும். இல்லன்னா வூட்ல பசங்க..."

"எம் பசங்க ரெண்டும் பெங்களூர்ல இருக்குது. அங்கேர்ந்து கைய நீட்டி அமுக்குச்சா?"

"எங்க டெஸ்ட்டுல எல்லாம் பச்சையா இருக்குதும்மா!"

"எம் மல்லாட்டையும் பச்சையாத்தான்யா இருக்குது! அது காஞ்சிருக்கணும்!"

ஃபஸீஹா அதுவரை வாய் திறக்கவில்லை. வல்லரசு அப்போதே பயந்திருக்க வேண்டும். அவள் நேராக மூலைக்குப் போய் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். மோட்டாரின் சுழலும் தண்டில் ஒரு சிலந்தி வலை பின்னி, குஞ்சு பொரித்து, பேரன் பேத்தி எடுத்திருந்தது. தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது.

"சார், நான் இல்லாதப்ப டெஸ்ட்டு ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனனே, பச்ச."

"இந்தச் சிலந்தி உங்களுக்கு இன்னா சொந்தம்? அதும் மேல காத்துகூடப் படாம மோட்டாரு ஓடிருக்குது?"

 ஃபஸீஹா கிருஷ்ணவேணியிடம் திரும்பினாள். "அக்கா, அண்ணனுக்குப் போன் போடுங்க. மடையப் பிடுங்காத பக்கம் திருப்பிட்டுப் பீஸ் கட்டையப் போடச் சொல்லுங்க. மோட்டார யாரும் தொடக் கூடாது. உங்க போனு என் கையில இருக்கட்டும், எல்லாரும் கேக்கறாப்ல."

போன் ஸ்பீக்கரில் சுப்பராயலு, "போட்டுட்டேன். சும்மாதான் நிக்குது வேணி" என்றார்.

"சார், இப்ப டெஸ்ட்ட ஓட்டுங்க."

வல்லரசு அமுக்கினார். சிலந்தி அசையவில்லை. டிரம் அசையவில்லை. திரை பச்சையானது.

"ஐயோ, ஓடுது! முனி வந்துடுச்சு!" என்று போன் அலறியது. பின்னாலேயே மோட்டாரின் உறுமல்.

"முனி எங்கயும் வர்லைய்யா!" கிருஷ்ணவேணி போனைப் பார்த்துக் கத்தினாள். "திண்டிவனத்துல சட்டைய இன் பண்ணிக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது!"

அதற்குப் பிறகு ஃபஸீஹா பேசியதை அப்படியே எழுதினால் காகிதம் கருகும். கீழே டயர் கடையில் அடுக்கியிருந்த டயரெல்லாம் காற்றடிக்காமலே உப்பிக்கொண்டன என்று சொல்கிறார்கள். சாரம் மட்டும் இது: "உங்க ராசிக்கு இவங்க கொல்லைதான் கெடச்சுதா? மூணு மாசம் குனிஞ்சு வெளைய வெச்சவங்களப் போன் புடிக்கத் தெரியாதவன்னு ஊரே பேசுது. அதுக்கு ஒரு ஃபைலக்கூடப் பாக்காத நீங்க பச்சையக் காட்டறீங்க!"

"எடுத்துடறேன் மேடம். போணி நம்பரு எடத்துல டிரம்மு நம்பரப் போட்டுடவா?"

"எந்த நம்பரும் வேணாம். ஃபைல்ல நம்பரு இல்லன்னா புரோகிராமு எங்கயும் போகக் கூடாது. நின்ன எடத்துலயே நின்னு கத்தணும்."

அன்றே அவள் உட்கார்ந்து போணி நம்பரைப் பிடுங்கி எறிந்தாள். தொலைந்த ஃபைலையும் தேடி வைத்தாள். சிலந்திக் குடும்பத்துக்குக் குடிபெயர நேர்ந்தது.

சோதனையில் ஓடிய தண்ணீரில் பிடுங்காத பக்கத்து மண் நனைந்துவிட்டது, பிடுங்க ஆள் இல்லை. பேசிவைத்த ஆட்கள் தேதி தவறி வேறு கொல்லைக்குப் போய்விட்டார்கள். கிருஷ்ணவேணி வல்லரசுவைப் பார்த்தாள்.

"போணி பண்ணவ கூப்புடறேன். ஜல்தி கெளம்பு தம்பி. ஆபீசையே கூட்டிக்கினு வா."

போனார்கள். வல்லரசு குனிந்த குனிப்பில் அவர் முதுகு இன்னும் நிமிரவில்லை என்று கேள்வி. முதல் பாதி மாட்டுக்கும் ஆகாமல் போயிற்று. இரண்டாம் பாதி வெயிலில் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்றது. அந்தச் சத்தத்தை ஊர் கேட்கவேண்டுமென்றே கிருஷ்ணவேணி ஒரு கை அள்ளித் தெருவழியே குலுக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து வல்லரசு மறுபடியும் ஃபைலைத் தொலைத்தார். சோதனையை அமுக்கியதும் திரை செக்கச் சிவந்தது: 'எந்த மோட்டாருக்கு? நம்பரைச் சொல்லாமல் ஓர் அடி நகரமாட்டேன். கண்ணைத் திறந்து ஃபைலைத் தேடும்.'

"ஃபஸீஹா மேடம், இது திட்டறாப்ல இருக்குதே?"

"திட்டறாப்ல இல்ல சார். திட்டுதான்."

மண்டகப்பட்டில் மோட்டார் சும்மா கிடந்தது.