செல்லையா அண்ணாச்சியும் டாக்டர் பிள்ளையின் உதவித்தொகையும்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக்கூட்டத்தில் இருந்தவர்கள் நாலு பேர்: போதகரம்மா, மளிகைக்கடை தங்கராஜ் அண்ணனின் மனைவி ரோஸ்லின், ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் புஷ்பம், சபையின் கல்வி நிதிக்குக் கணக்கு எழுதும் நான். சங்கீதம் வாசித்து முடிப்பதற்குள் போதகரம்மாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "நம்ம செல்லையா அண்ணாச்சி கர்த்தருக்குள்ள போயிட்டாங்களாம்" என்றார். கடையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். எங்களில் முதலில் அழுதது புஷ்பம். அவளுடைய மகள் பிரின்சி டாக்டருக்குப் படித்ததே அவரால்தான்.

நம் சபைக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி கேரளத்து மலையில், இந்த உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வாங்கி விற்றவர். பிரசங்கத்தில் தூங்குவார், பாட்டுக்கு மட்டும் சரியாக விழித்துக்கொள்வார். தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ஒரு நிதி வேண்டும் என்று சபைக்கூட்டத்தில் முதலில் கேட்டவர் அவரே. ஏன் டாக்டருக்கு மட்டும் என்று கேட்டேன்.

"எனக்கு சுகர் இருக்குல்லாம்மா கிரேஸ்? ஆஸ்பத்திரிக்குப் போயி பாதி மலையாளத்துல, பாதி தமிழ்ல சொல்லிச் சொல்லி, எனக்கு என்ன வியாதின்னு எனக்கே மறந்துபோவுது. நம்ம பேச்சுல ரெண்டு வார்த்தை கேக்க ஒரு டாக்டர் வேணும்லா."

நிதிக்கு வழியும் அவரே காட்டினார். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது நம் வழக்கம். எடுத்தவர் அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்தால் மறுபடியும் ஏலம் விடலாம். ஒரு வருஷம் புஷ்பம் ஒரு சேவல் கொண்டுவந்தாள். அண்ணாச்சி அதை எடுத்தார், பணத்தைக் கட்டினார், "திரும்ப விடுங்க, டாக்டர் நிதிக்கு" என்றார். அடுத்தவர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். மறுபடி அண்ணாச்சியே கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பந்தி தயார்.

"அண்ணாச்சி, அந்தச் சேவலுக்கு வயசாகிப் போச்சு, விட்டுரும்" என்றார் தங்கராஜ் அண்ணன்.

"வயசானா என்ன ஓய்? உம்ம கடை மைதா மாதிரியா? இதுக்கு இன்னும் உயிர் இருக்கு. கேளும் விலைய!"

சபை முழுவதும் சிரித்தது. தங்கராஜ் அண்ணன் ரோஷத்தோடு விலை கேட்டார். பிரின்சியின் முதல் வருஷக் கட்டணம் பெரும்பாலும் அன்றைக்கே சேர்ந்துவிட்டது.

அந்தப் பணத்தை நாங்கள் கொடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரின்சியை ஆலயத்தில் முன்னால் நிறுத்தி, பெரிய அட்டையில் தொகையை எழுதிக் கையில் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்தோம். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பரீட்சை எழுதி ஜெயிச்ச பிள்ளைம்மா அது. ஏன் குத்தவாளி மாதிரி நிறுத்துதிய? அடுத்த தடவை, கட்டணம் கட்டுற தேதிக்கு முன்னாலயே கணக்குல போட்டுரு. அது வந்து 'அக்கா, பணம்'னு உன் வாசல்ல நிக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அட்டையும் இல்லை, போட்டோவும் இல்லை.

பிரின்சி படிப்பையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் முடித்தபோது, நிதியை நிறுத்தலாம் என்றே பலரும் நினைத்தோம். மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் படிக்க ஒரு வருஷம் வேண்டும், அதுவரை வருமானம் இல்லை என்று புஷ்பம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டாக்டராயிட்டால்லா? டாக்டருக்கே உதவித்தொகையா? சுத்துச்சுவர் இடிஞ்சு கெடக்கு, அதக் கட்டுவோம்" என்றார் தங்கராஜ் அண்ணன்.

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "பச்சை ஏலக்காயை உலர்த்துற ஸ்டோர்ல தீ மூட்டிக் காயப் போட்டிருக்கீரு. பாதி காஞ்சதும் தீயை அணைப்பீராவே? அணைச்சா காய் பூசணம் பூத்துப்போகும். முதல்ல எரிச்ச விறகும் நஷ்டம்."

"அப்ப இங்கேயே வந்து வேலை பாப்பேன்னு எழுதியாவது வாங்குங்க."

"எழுதி வாங்குனா அது வியாபாரம். வியாபாரம் நான் கடையில பண்ணுதேன். கோயில்ல என்னத்துக்கு?"

அந்த வருஷமும் கொடுத்தோம். போன மாதம் பிரின்சிக்குப் பிரசவ மருத்துவ மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. தோட்டத்துப் பெண்கள் பிரசவ வலியோடு ஜீப்பில் போடிமெட்டு மலைப்பாதையில் ஆஸ்பத்திரிக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அண்ணாச்சி கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். என்னிடம், "பண்டிகை வரைக்கும் காத்திராத கிரேஸ். காலேஜ்ல சேருறதுக்குக் கட்டுற பணத்துக்கு நான் நாலு பேருகிட்டப் பேசுதேன்" என்றார். பேசுவதற்குள் கர்த்தர் அழைத்துக்கொண்டார்.

சேர்ந்த பிறகு அவளுக்கு மாதாமாதம் உதவிச் சம்பளம் வரும். சேருவதற்கான கட்டணம்தான் முன்னால் நிற்கிறது. நிதியில் இருப்பது அதில் பாதிக்குக் காணும். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது தங்கராஜ் அண்ணனிடம் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்றார். பிரின்சியும் அடக்கத்துக்கு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தாத்தா போன வாரம் போன்ல, மருந்தை மாத்தவான்னு கேட்டாங்க. நம்ம பேச்சுலதான் விவரமாச் சொன்னேன்" என்றாள். கட்டணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். கொடுக்க நினைத்ததை, அந்தப் பிள்ளை வந்து கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். தேவன் நமக்குச் செய்வதும் அப்படித்தானே.

கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த வாரம். உங்களால் எவ்வளவு முடியும், அல்லது முடியாது என்பதை, வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள்.