படித்துக் காட்டிவிட்டு எறி

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால்தான் எங்கள் வீட்டில் அத்தனை காகிதம் சேர்ந்தது.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை தாலுகா ஆபீஸில் ஏதோ ஒரு சீட்டைக் கேட்டிருக்கிறார்கள். அன்று காலையில்தான் அதைக் கொளுத்தி அடுப்புப் பற்றவைத்திருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாலிகண்டபுரம் வரை பஸ்ஸில் நின்றபடியே வந்தவள், அதற்குப் பிறகு ஒரு தாளையும் எறியவில்லை. எது உசத்தி, எது குப்பை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே எறும்பு ஊர்கிற வெள்ளை. ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்றினாள். பஸ் டிக்கெட், உர நோட்டீஸ், பொட்டலம் மடித்த பேப்பர், அடுத்த தெருக் கல்யாணப் பத்திரிகை, கரும்புக் கொல்லையில் களை எடுக்கும்போது காலில் ஒட்டிக்கொண்டு வந்தவை. பழஞ்சேலைக் கிழிசலில் கட்டுக்கட்டாக முடிந்து மூங்கில் பரணில் ஏற்றினாள். ஓடு ஒழுகினால் எங்களுக்கு முன்னால் பரணுக்குத்தான் சாக்கு.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. தலைப்பிரசவத்துக்காக அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பரணுக்கு நேர் கீழே அவள் பாய். மல்லாந்து கிடந்தவள், "அது என்னடி கோடு?" என்றாள்.

சுவரோடு ஈரமண் கோடு ஒன்று ஏறியிருந்தது. கறையான். கட்டுகளுக்குள் நுழைந்து, தின்று, அங்கிருந்து பனை உத்தரத்துக்குள் போய்விட்டது. உலக்கையால் தட்டினேன். மரம் வெறுங்குடம் மாதிரி சத்தம் கொடுத்தது.

அக்காவை வாசற்படிக்கு நகர்த்தினேன். "பரண எறக்கிரலாம்மா. பாரம் தாங்காது."

அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "எறக்கு. ஆனா படிக்காம ஒரு துண்டு வெளிய போவக் கூடாது. படிச்சுக் காட்டு, அப்புறம் எறி."

"அது பக்கோடா மடிச்ச காயிதம்மா," என்றாள் அக்கா.

"எண்ணெ பட்டா எழுத்து செத்துருமா?"

படித்தேன். தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் நிலத்தில் குனிந்து கிடந்த குடும்பத்தில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். புண்ணாக்கு கிடைக்குமிடம் படித்தேன். பாதியில் கிழிந்துபோன கொலைச் செய்தி, யாரோ தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்கு, யார் யாருக்கோ நடந்து முடிந்த திருமணம்.

"அந்தக் கல்யாணத்த இன்னொருக்கா படி."

மூன்றாம் முறை கேட்டபோதுதான் புரிந்தது, அவளுக்கு வேண்டியது செய்தி இல்லை. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்ததும், "எங்கயாவது தடுமாறுறாளா, கேளுங்க," என்றாள் அம்மா. எனக்கும் தலைக்கு ஏறிவிட்டது. குரலை உயர்த்தினேன், நிறுத்தினேன், இழுத்தேன். பிற்பாடு எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். அப்படி ஒரு கூட்டம் எனக்கு அமைந்ததில்லை. மேலேயிருந்து மரப்பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்க்கவில்லை. ஒரு கட்டுகூட முழுதாக வெளியே போகவில்லை. மழையோ இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆத்தாளும் மவளும் கச்சேரி பண்ணுங்க," என்றாள் அக்கா. "எம் புள்ளைய உத்தரம் வந்து தாலாட்டட்டும்."

அம்மா மேலே பார்த்தாள். பிறகு அக்காவின் வயிற்றைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறினாள். முதல் கட்டு என் காலடியில் விழுந்து உடைந்தது. உள்ளே பாதி மண்.

"படிக்க வேணாமா?"

"வேணாம். நாளைக்கி எந்த ஆபீஸ்ல என்ன காயிதம் கேட்டாலும் நீ வந்து நின்னு பேசு."

பொழுது சாய்வதற்குள் பரண் காலி. ஒரு பனங்கட்டையை முட்டுக்கொடுத்தோம். மறுநாள் வந்த தச்சர் உத்தரத்தில் உளியை வைத்தார்; கைப்பிடி வரை போனது.

"அந்தப் பாரம் மேல இருந்திருந்தா ராத்திரி மழைக்கே எறங்கியிருக்கும். அவ்வளவு காயிதம் எதுக்கும்மா சேத்தீங்க?"

"அப்ப வூட்ல படிக்க ஆள் இல்லைங்க," என்றாள் அம்மா. "இப்ப இருக்கு."

புது உத்தரம் ஏறிய எட்டாம் நாள், அதன் கீழே அக்காவுக்குப் பெண் பிறந்தாள். தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி அழுதாள்.