கொலுவுக்குப் பின்னால் ஒரு முக்காலி

விளக்குச் சுடரில் கருக்கிய வசம்பைத் தேனில் இழைத்து நாக்கில் தடவினால் முதலில் ஒரு காரம் ஏறும், பிறகு கசப்பு, அதற்கும் பிறகு நாக்கே நம்முடையது இல்லை என்பதுபோல ஒரு மதமதப்பு. எனக்கு ஐந்து வயதான அந்தக் கோடை முழுவதும், காலையில் பல் தேய்த்த கையோடு அம்மா இதை எனக்குத் தடவினாள். வசம்பை எங்கள் வீட்டில் யாரும் வசம்பு என்று சொல்ல மாட்டார்கள். "பேர் சொல்லாதது" என்றுதான் சொல்வார்கள். பேர் கேட்டால் சொல்லாத பெண்ணுக்குப் பேர் சொல்லாத மருந்து, பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

இத்தனைக்கும் எனக்குப் பேச்சு வராமல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். அந்த வீட்டுக்குள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கேட்டதும் கேளாததும் கனவில் கண்டதுமாக நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பேன். வாசற்படியைத் தாண்டினாலோ வெளியாள் ஒருவர் உள்ளே வந்தாலோ எல்லாம் முடிந்தது. கோடையில் கார்ப்பரேஷன் குழாயைத் திறந்தால் "கொர்ர்" என்று காற்று மட்டும் வருமே, அதேபோல் சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். தெருவில் எனக்கு "ஊமைக் கோட்டான்" என்று பெயர். எதிர்வீட்டு மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார், நான் நகர்ந்த பிறகு, எனக்குக் காதும் கேட்காது என்ற நம்பிக்கையில், "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்பார். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு மூச்சு இழுக்கக்கூட நேரம் கொடுக்காமல், "ஏன் பேச மாட்டேங்கறே?" என்று அடுத்ததைக் கேட்பார்கள். அதற்கு எந்தக் குழந்தையால் பதில் சொல்ல முடியும்?

ஜூன் மாதம் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கு அம்மா அழைத்துப் போனாள். தலைமையாசிரியை என் பெயரைக் கேட்டார். நான் அவருடைய மேஜைமேலிருந்த மைக்கூட்டைப் பார்த்தேன். வீட்டில் வாயே மூட மாட்டாள் என்று அம்மா படபடத்தாள். இப்படிச் சொல்லும் அம்மாக்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. "விஜயதசமியன்னிக்குக் கூட்டிட்டு வாங்க. வாயைத் திறந்து பேர் சொன்னா சேத்துக்கறேன். இல்லேன்னா ஊமைக் குழந்தைகளுக்குன்னு தனியா பள்ளிக்கூடம் இருக்கு, அங்க பாருங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

அதன்பின் விஜயதசமி வரைக்கும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அலையாத இடம் இல்லை. ராயப்பேட்டையில் தொண்டை வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள், இரண்டு போட்டால் தானாகப் பேசும் என்றார். அம்மா ஆத்திரத்தில் அங்கிருந்து என்னை நடத்தியே கூட்டிவந்தாள். கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்த ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, கொயந்த நடக்க முடியாம கீது, ஏத்திக்கினு போயேன்" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னபடி இரண்டு போட்டாள். நான் அழுதேன், பிறகு என்னைவிட அதிகமாக அவள் அழுதாள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு சாயங்காலம் திருவல்லிக்கேணிப் பள்ளிவாசலுக்கும் போனோம். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காகக் கைக்குழந்தைகளோடு வாசலில் நின்ற பெண்களின் வரிசையில் நாங்களும் நின்றோம். அத்தர் மணக்க வந்த ஒரு பெரியவர் என் உச்சந்தலையில் ஊதிவிட்டுப் போனார். அந்த வருஷம் என்னிடம் ஒன்றுமே கேட்காத மனிதர் அவர் ஒருவர்தான். அப்பாவோ, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று எனக்கு ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

நவராத்திரி வந்துவிட்டது, நான் பேசின பாடில்லை. அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்த வசந்தா டீச்சர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அம்மா அவரிடம் போய், என் பெண் பேசுவதை உங்கள் காதால் ஒருதரம் கேளுங்கள், கேட்டுவிட்டு உங்கள் தலைமையாசிரியையிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். எங்கள் கொலுப்படி ட்ரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அம்மா அங்கே ஒரு முக்காலியைப் போட்டாள். காலையில் நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஈரத்தலையோடு கொலு முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல விளையாட ஆரம்பித்தேன். செட்டியார் பொம்மையிடம் புளிக்குப் பேரம் பேசினேன்; விலை கட்டாது என்று எழுந்துபோய், திரும்பி வந்து, அவரையே திட்டினேன். அப்புறம் பள்ளிக்கூடம். கீழ்ப்படி மரப்பாச்சியை எடுத்து நிற்க வைத்து, தலைமையாசிரியையின் குரலில், "உன் பேர் என்ன? அம்மா சொல்லக்கூடாது, நீ சொல்லு" என்று அதட்டினேன். மரப்பாச்சிக்காக நானே சன்னக் குரலில், "என் பேர் சாரதா மிஸ். நேக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும். நீங்க கத்தாம கேட்டேள்னா சொல்லுவேன்" என்றேன்.

வேட்டிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். வசந்தா டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து, "அப்படியே எங்க பெரிய டீச்சர் குரல்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு வெளியாள் முளைத்ததற்கு அவளும் திடுக்கிட்டிருக்க வேண்டும், திடுக்கிடவில்லை. கண் நிறையத் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இது அவள் ஏற்பாடு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விஜயதசமியன்று தலைமையாசிரியை மறுபடி பேர் கேட்டார், நான் மறுபடி மைக்கூட்டைப் பார்த்தேன். "நானே காதால கேட்டேன், நல்லாப் பேசறா" என்று டீச்சர் சொன்னதால் இடம் கிடைத்தது. டீச்சர் தங்கமானவர். என்னைத் தூண்டித் துருவாமல் விட்டுவைத்தார். இரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் பேச ஆரம்பித்தேன், அதன்பின் பலரிடமும். ஆனால் வீட்டில், அந்தக் கொலு நாளிலிருந்து, பசிக்கிறது என்று சொல்வதற்குக்கூட முதலில் கதவிடுக்கையும் கட்டிலடியையும் பார்த்துக்கொண்டேன். "என்னத்தைத் தேடறே?" என்று அம்மா கேட்பாள். கொஞ்ச நாளில் தேடுவதை விட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண்ணானேன்.

சந்தில் இப்போது எங்கள் வீடு இல்லை, நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. என் தம்பியின் பேரனும் வெளியில் வாய் திறப்பதில்லை. அடையாறில் ஒரு இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். இதற்கு ஒரு பெயரும் இருக்கிறதாம். அங்கே ஒரு பெண் அவனோடு தரையில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, கூடவே ஆத்திரமும் வருகிறது. இந்தச் சாதாரணப் பொறுமை அப்போது ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. யார்மேல் கோபப்படுவது? அந்த டாக்டர்மேல் படலாம். எனக்காக ஊரெல்லாம் அவமானப்பட்டு அலைந்தவள்மேல் எப்படிப் படுவது?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து என் வேலைக்காலம் முழுக்க ஊராரிடம் பேசினேன். கொலுவுக்குப் பின்னால் டீச்சரை உட்கார வைத்த கதையை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். நான் குறுக்கே எதுவும் சொன்னதில்லை. தி.நகரில் என் வீட்டில் அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் ஒருநாள் மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"சின்னதுல என்னமா பேசுவே நீ. அந்த மாதிரி ஏதாவது பேசேண்டி."

பால் வந்தது, மாத்திரை வாங்கியாயிற்று, தம்பி போன் பண்ணினான், கரண்ட் போய் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதில்லடி" என்றாள் அம்மா.