பன்னிரண்டாவது காந்தம்

முப்பத்தொரு வருஷம் கண்ணாடி கழுவினால் கைரேகை அழிந்துவிடும் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். வாசலில் விரல் வைத்து வருகை பதியும் கருவி இருக்கிறதே, அது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரையும் அடையாளம் கண்டுகொள்ளும், அவளை மட்டும் கண்டுகொள்ளாது. "வந்துட்டேன்டா, உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று அதை ஒரு திட்டுத் திட்டிவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள். அவளுடைய சொந்தப் பெயர் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பேராசிரியையிலிருந்து காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் பளிச்சக்கா.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அவள் கழுவின குடுவையைக் கவிழ்த்தால் தண்ணீர் மெல்லிய தாள் போல ஒரே சீராக வழிந்து இறங்கும். எங்காவது திட்டுத்திட்டாக நின்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பவும் சோப்பு, திரும்பவும் தண்ணீர். கழுவிக் காயவைத்து, கலக்குவதற்கான காந்தத்தை உள்ளே போட்டு, வாயை அலுமினியத் தாளால் மூடி அவரவர் மேஜையில் வைத்துவிடுவாள். காந்தம் என்றால் மாத்திரை அளவில், வெள்ளை பிளாஸ்டிக் தோல் போர்த்தியது. குடுவையை மின்தட்டின் மேல் வைத்துச் சுவிட்சைத் தட்டினால் உள்ளே சுற்றிச் சுற்றிக் கலக்கும். எந்தக் குடுவையில் எந்தக் காந்தம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டதே இல்லை. வீட்டில் எந்தக் கரண்டியால் கிண்டினாய் என்று யார் கேட்கிறார்கள்?

அங்கேதான் வந்தது வினை.

நாலு வருஷத்துக்கு முன்பு அதே கூடத்தில் வெள்ளித் துகள் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள். முடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்குமாம். அந்த வேலை முடிந்ததும் பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கு ஓடின மேக்னெட் பன்னிரண்டையும் தூக்கிப் போட்டுடுங்க அக்கா. தோல்ல கீறல் விழுந்திருக்கும். அதுக்குள்ள வெள்ளி ஒளிஞ்சுக்கும்." பளிச்சக்கா பதினொன்றைக் கழிவுப் பையில் போட்டாள். பேரேட்டில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

பன்னிரண்டாவது போக மனசு வரவில்லை. அதுபோலச் சுற்றுகிற காந்தத்தை அவள் பார்த்ததே கிடையாது. புதிதாக வருகிறதெல்லாம் வேகம் கூட்டினால் தவளை மாதிரி துள்ளும். இது நின்ற இடத்திலேயே நின்று பம்பரமாய் ஆடும். கீறல்தானே, கழுவினால் போயிற்று என்று தலைவலித் தைல டப்பாவில் போட்டு இழுப்பறையில் பூட்டினாள். கழுவுவதில் அவளுக்கு இருந்த கர்வம் அப்படி.

அந்தக் காந்தம் மறுபடி வெளியே வந்தது தம்பிக்காக. தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு, முப்பத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த மனுஷன். மனைவிக்கு அப்போது நாலு மாசம். ஆறாத புண்ணில் தடவுகிற களிம்புக்குள் துத்தநாக ஆக்சைடு துகளைக் கலந்து கிருமியைக் கொல்லப் பார்க்கிறான். இதை அவன் முதன்முதலில் விளக்கிச் சொன்ன அன்றைக்கே பளிச்சக்கா அவன் கட்சியாகிவிட்டாள். காரணம் வீட்டில் இருந்தது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவரின் இடது பாதத்தில், சர்க்கரையால் வந்த புண் எட்டு மாசமாக மூடமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "மேக்னெட் துள்ளித் துள்ளி எல்லாம் கட்டி கட்டியாப் போகுதுக்கா. இது பதினாலாவது தடவை."

"இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? நாளைக்கு வேற போட்டு வைக்கிறேன், பாருங்க."

போட்டு வைத்தாள். மூன்று குடுவை, மூன்று தடவை, மூன்றிலும் அதே காந்தம். கிருமி வளர்த்த தட்டில் ஒரு சொட்டு வைத்தால் சொட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெற்று வட்டம். கிருமி இருந்த சுவடே இல்லை. கூடமே கூடிவிட்டது. பேராசிரியை தினமும் வந்து மேஜையருகே நின்று பார்க்க ஆரம்பித்தார். அவர் கண்ணில் பட்டால் வம்பு என்று பளிச்சக்கா காந்தத்தைச் சோப்பு போட்டுக் கழுவி டப்பாவுக்குள் திருப்பி வைத்தாள். ஒட்டிய உலோகத்தைக் கரைத்தெடுக்கும் ஆசிட் தொட்டி பேராசிரியையின் அறை வாசலிலேயே இருக்கிறது, அதில் எப்படிப் போடுவது? அதற்குப் பிறகு தம்பிக்குப் புதுக் காந்தங்களே போயின. அவனும் எழுதுவதில் மூழ்கிவிட்டான். கட்டுரை வெளிவந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவரிடம் காட்டினாள். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு. மருந்து எப்ப வரும்?" என்றார்.

ஆறு மாசம் கழித்து வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்தில் அதேபோல ஒன்பது தடவை செய்து பார்த்தார்களாம், வட்டம் வரவில்லையாம். சரி, நாமே செய்து காட்டுவோம் என்று தம்பி உட்கார்ந்தான். வரவில்லை. பழைய துகளில் மிச்சமும் இல்லை, எல்லாம் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. எண்களைக் கற்பனையாக எழுதிவிட்டான் என்று முதலில் காதோடு காதாகவும், பிறகு தேநீர் இடைவேளையில் வாய்விட்டும் பேசினார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். நாலு வாரத்தில் நிரூபிக்காவிட்டால் பட்டமும் கிடையாது, இனி எந்தக் கூடத்திலும் அவனைச் சேர்க்கவும் மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பளிச்சக்கா தொட்டியடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் பேராசிரியை தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இந்த அளவுக்குக் கொல்லணும்னா அதுல வெள்ளி இருந்திருக்கணும். ஆனா நம்ம லேப்ல வெள்ளியத் தொட்டே நாலு வருஷம் ஆச்சு. அந்த மேக்னெட்டெல்லாம்கூடத் தூக்கிப் போட்டாச்சே." அப்படியே திரும்பினார். "போட்டாச்சுல்ல அக்கா?"

அவளுக்குத் தைல டப்பா நினைவுக்கு வந்தது. குழாயை மூடாமலேயே, "போட்டாச்சு மேடம்" என்றாள்.

இரண்டே சொல். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் வாய்திறந்து சொன்ன முதல் பொய். சொல்லி முடித்த கணத்திலேயே திருப்பி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. ஓய்வுபெற இன்னும் பதினோரு மாசம். பேரேட்டில் பொய்க் கையெழுத்து. கழுவினால் போகாத அழுக்கும் உண்டு என்று இப்போது நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். பளிச்சக்கா! நல்ல பட்டம்!

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தம்பி காலை ஏழு மணிக்கே வந்துவிடுவான். அவன் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. மனைவியைக் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான், "வீட்ல இருந்தா என் மூஞ்சியப் பாத்து அவளும் அழறாக்கா" என்று சொல்லி. இவள் தினமும் நாலு குடுவையைக் கழுவி, புதுக் காந்தம் போட்டு, தாளை மூடி அவன் மேஜையில் வைத்தாள். வைக்கும்போதே தெரியும், வராது. அவன் அளந்து, ஊற்றி, வெப்பம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். இவளுக்குத் தெரியும், வராது. தூ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்வாள். மறுநாளும் நாலு குடுவை வைப்பாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். நாளைக்கு என்பது எவ்வளவு வசதியான நாள்!

வீட்டில் கணவருக்குக் கட்டு மாற்றும்போது கை நடுங்கியது.

"என்ன, கை இந்த ஆட்டம் ஆடுது? நான் பஸ் ஓட்டினப்பகூட இப்படிக் குலுங்கினதில்ல."

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க."

"நீயா? குழம்புல ரெண்டு தடவ உப்புப் போட்டியே, அதுவா? நான் அப்பவே மன்னிச்சுட்டேன்." சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல், "உன் தம்பி மருந்து என்னாச்சு?" என்றும் கேட்டார்.

பதினேழாம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். முதல் தப்பையாவது அசட்டுக் கர்வம் என்று விட்டுவிடலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. டப்பாவைத் திறந்தாள். பன்னிரண்டாவது காந்தத்தை எடுத்துத் தம்பியின் குடுவை ஒன்றில் போட்டு, தாளை மூடி, மேஜையில் வைத்தாள். அவனுக்கு வட்டம் வந்துவிட்டால் போதும், பழி நீங்கிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். இவ்வளவுதான் அவள் கணக்கு. பால்போல வெளுத்த கலவைக்குள் எந்தக் காந்தம் சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? அன்று மாலை குடுவை கழுவ வந்ததும் காந்தத்தை எடுத்துத் திரும்ப டப்பாவில் பூட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பத்தொன்பதாம் நாள் காலை, தம்பி போட்ட சத்தத்தில் காவல்காரரே ஓடிவந்துவிட்டார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். வட்டம்! அன்றைக்குப் பார்த்த அதே ஒரு விரல் அகல வட்டம். மனைவிக்குப் போன் போட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு, நீ கிளம்பி வா" என்றான். போனை வைத்ததும் நேரே தொட்டியடிக்கு வந்து, சோப்பு நுரையோடு இருந்த அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எல்லாரும் என்ன விட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் தினமும் எதுவும் கேக்காம நாலு குடுவை கழுவி வெச்சீங்க. இந்தத் தட்ட அப்படியே திங்கட்கிழமை கமிட்டி முன்னாடி வைக்கப் போறேன். இதே துகள அந்த லேபுக்கும் அனுப்பப் போறேன். அவங்க அக்குவேறா ஆணிவேறாப் பாக்கட்டும்!"

அவர்கள் பார்ப்பார்கள். வெள்ளி இருக்கும். வேண்டுமென்றே கலந்துவிட்டு வந்து நிற்கிறான் என்பார்கள். அதுவரை சந்தேகம், இனிமேல் சாட்சியோடு திருட்டுப் பட்டம். அவனைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கழுத்தில் கயிறையே மாட்டிவிட்டாள்.

"தம்பி, அனுப்பாதீங்க."

"ஏன்க்கா?"

இழுப்பறையைத் திறந்து தைல டப்பாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்: பன்னிரண்டு, பதினொன்று, பேரேடு, முதல் மூன்று குடுவை, முந்தாநாள் குடுவை. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கையிலிருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூடியைத் திறந்து காந்தத்தை விரலில் உருட்டினான். வெள்ளைத் தோலில் சாம்பல் நிறக் கீறல்கள், நகக்குறி மாதிரி.

"அப்ப என் துகள் எதையும் கொல்லவே இல்ல."

"இல்ல தம்பி."

"முதல்லேர்ந்தே இல்ல."

அவள் தலையசைத்தாள். கத்துவான், டப்பாவை வீசி எறிவான் என்று எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் காந்தத்தை டப்பாவில் போட்டு மூடினான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மேடம் வெள்ளின்னு சொன்ன அன்னிக்கே."

"பத்தொன்பது நாள்." விரல்விட்டு எண்ணவில்லை, அவனும் அந்த நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளியவன்தானே. "பத்தொன்பது நாளும் காலைல என்னைப் பாத்துச் சிரிச்சீங்களேக்கா."

அவள் பேராசிரியையிடம் தானே போய்ச் சொன்னாள். குழுவின் முன்னால் நின்றும் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். தம்பி பொய் எழுதவில்லை என்று குழு தீர்ப்புச் சொன்னது. கட்டுரையை அவனே திரும்பப் பெற்றுக்கொண்டான். ஆரம்பத்திலிருந்து தொடங்க இரண்டு வருஷம் கொடுத்தார்கள். அவளுக்குக் கடைசி எச்சரிக்கை என்று ஒரு கடிதம். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ.

அன்று வீட்டில் கட்டு மாற்றும்போது, அவர் கேட்பதற்கு முன்பே, "அந்த மருந்து வராதுங்க" என்றாள். அவர் காலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி, விடு. பழைய களிம்பையே போடு" என்றார். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் தம்பி திரும்பி வந்து வேலையைத் தொடங்கினான். பளிச்சக்கா அன்று அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, கருவியைக்கூடத் திட்டாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவன் குடுவைகளைத் தேடித் தொட்டியடிக்குப் போனாள். தொட்டி காலியாக இருந்தது. நாலு குடுவையும் கழுவப்பட்டு, தாங்கியில் கவிழ்ந்து, சொட்டிக்கொண்டிருந்தன. தம்பி பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எதுக்கு தம்பி? நான் வந்து..."

"பரவாயில்லக்கா." குரலில் கோபமே இல்லை, அக்கா என்பதைக்கூட எப்போதும்போலத்தான் சொன்னான். "இனிமே என்னோடத நானே கழுவிக்கிறேன்."

அவன் மேஜைக்குப் போய்விட்டான். மூன்றாவது குடுவையின் கழுத்தில் தண்ணீர் வழியாமல் திட்டுத்திட்டாக நின்றது. சரியாகக் கழுவவில்லை. தன்னையறியாமல் நீட்டிய கையை அவள் பாதியில் மடக்கி, மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.