கை பொறுக்காத சூடு

முனைவர் பட்டம் வாங்கும் ஆசை எனக்கு நாற்பது வயதில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். தேனி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, சனிக்கிழமையானால் அல்லிநகரத்தில் பஸ் பிடித்து, கூடலூரில் ஒரு திராட்சைத் தோட்டத்து டீசல் இஞ்சின் முன்னால் போய் உட்காருவேன்.

ஆராய்ச்சி ஒன்றும் பெரிய மந்திரமில்லை. எங்கள் பக்கத்தில், கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை இஞ்சினுக்குள் விட்டுக் குளிர வைப்பார்கள். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். அப்போதுதான் இஞ்சின் சுகமாக இருக்கிறதென்று அவர்கள் நம்பிக்கை. ஆனால் அளவுக்கு மீறிக் குளிர்ந்த இஞ்சினில் டீசல் சரியாக எரியாது. எரிந்த சூடும் வேலைக்கு ஆகாமல் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும். நான் அந்தத் தண்ணீர்க் குழாயின் வால்வை முக்கால்வாசி மூடினேன். டீசல் மிச்சமானது. வால்வை யாரும் தொட வேண்டாமென்று தோட்டக்கார அக்காவிடம் சொல்லி, தினமும் இஞ்சின் ஓடிய நேரத்தையும் ஊற்றிய டீசலையும் காலண்டரில் எழுதச் சொன்னேன்.

ஆறு மாதம் எழுதினார். சனிக்கிழமை நான் அளந்தால் மிச்சம் தெரியும், காலண்டரில் தெரியாது. பம்ப்பைச் சந்தேகப்பட்டேன். என் கணக்கைச் சந்தேகப்பட்டேன். அந்த அக்காவையே ஒருநாள் சந்தேகப்பட்டேன், சொல்லவே கூசுகிறது. இதுதான் கடைசி கால நீட்டிப்பு என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அலுத்துப் போயிருந்தேன்.

கல்லூரி விடுமுறையாயிருந்த ஒரு புதன்கிழமை சொல்லாமல் போனேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. வால்வு முழுக்கத் திறந்திருந்தது.

"யாரு திறந்தது அக்கா?"

"நாந்தான் சார். நீங்க அங்கன பஸ் ஏறுனதும் திறந்துருவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழையபடி அடச்சு வச்சிருவேன்." அவர் முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. "தொட்டா கை பொறுக்கல சார். இஞ்சின் ஜாம் ஆகிருச்சுன்னா உங்க படிப்பு என்னாகும்? இந்த வயசுலயும் இம்புட்டுத் தூரம் அலையுறீகளேன்னு இருந்துச்சு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்ட? அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு ஆறு மாதம் அளக்க எனக்கு அவகாசம் இல்லை. தெம்பும் இல்லை. வால்வை மூடாமலே திரும்பினேன். ஆராய்ச்சியும் பட்டக் கனவும் அதோடு நின்றன.

இரண்டு வருடம் கழித்துக் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன்.

"சார், பட்டம் வாங்கிட்டீகளா?"

"வாங்கிட்டேன்க்கா."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீகளா, அன்னைக்கு நான் தண்ணியத் திறந்து விட்டது நல்லதாப் போச்சு" என்றார்.